கையுறைப் படத்தின் விலை

கண்காட்சி மண்டபத்தில் கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். அப்போதுதான் சுவர் ஓரத்து மேசை கிடைக்கும். நடுவில் மாட்டிக்கொண்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் முதுகில் இடித்துவிட்டுப் போவான். படத்தைச் சாய்த்து வைக்கவும் ஒரு தடுப்பு இருக்காது. இது என் மகள் எனக்குச் சொன்னது. நான் குடோனில் கண்ணாடிச் சாமானும் பீங்கானும் கட்டி லாரியில் ஏற்றுகிறவன். படம் விற்கிற வேலை என் தலையில் வந்து விழும் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வளர்ந்து, செருப்புக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான். கடையிலிருந்து வந்ததும் காலை மடித்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிடுவாள். வரைந்தது மலையோ கடலோ இல்லை. எங்கள் ஒற்றை அறையில் கண்ணில் பட்டதைத்தான் வரைவாள். தண்ணீர் வாளி. சுவரில் தொங்குகிற சார்ஜர் வயர். அவள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, ஒடிந்த இடத்தில் நூல் சுற்றியது. கொடியில் காய்கிற துண்டு. எல்லாம் சதுரம், சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"வாளிப் படத்த எவன் வாங்குவான் பாப்பா? அவன் அவன் வீட்டுல வாளி இருக்கே" என்று கேட்டேன் ஒரு தடவை.

"அவன் அவன் கழுத்து மேல மொகம் இருக்கு. போட்டோ எடுத்து மாட்டிக்கறான்ல?" என்றாள்.

வாய்க்கு வாய் அவளை ஜெயிக்க முடியாது.

அவளே போய் விசாரித்து, அந்த மண்டபத்தில் வாரக் கடைசியில் நடக்கிற கண்காட்சிக்கு வருஷம் முழுவதற்கும் சேர்த்துத் தன் பேரில் மேசை எடுத்தாள். போனில் படம் விற்கத் தனக்கென்று ஒரு பக்கமும் திறந்தாள். தாடையில் பெயிண்ட் ஒட்டிய ஒரு போட்டோ போட்டு, அதற்குக் கீழே, "நான் எங்கள் அறையில் இருப்பதை எல்லாம் வரைகிறேன். அறை சின்னது. ஆனால் தீரவில்லை. புதுசு வந்துகொண்டே இருக்கும்" என்று எழுதினாள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை மேசையில் போய் உட்கார்ந்தாள். பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான். எல்லோருக்கும் விட்டது. அவளுக்கு விடவில்லை.

படங்கள் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடந்தன. நான் அந்தப் பக்கம் குனிவதே இல்லை. துடைப்பம் போடும்போது என் மனைவி மட்டும் பெட்டியை இழுப்பாள், தள்ளுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்ப ஆணியிலிருந்து கிளவுஸை எடுக்கும்போது சொன்னாள்.

"மேசை அவ பேர்ல சும்மா கெடக்குது. போலாம்ங்க."

"எங்க?"

"மண்டபத்துக்கு. அவ வித்துக் காட்டணும்னுதானே எடுத்தா?"

முடியாது என்று சொல்லத் திரும்பினேன். ஆனால் அவள் பாப்பாவின் சல்வார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். பெட்டியும் ஏற்கெனவே வாசலில் இருந்தது. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு அடுத்த மேசையில் மண் கோப்பை செய்து விற்கிற பெண் இருந்தாள். பாப்பாவை அவளுக்குத் தெரியும். எங்களைப் பார்த்ததும், "எங்கண்ணே அந்த வாயாடி?" என்று கேட்டாள். என் மனைவி துணி விரித்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பைக்காரியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையிலிருந்த கோப்பையை வைக்க இடம் தெரியாமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, எங்கள் மேசையைப் பார்த்து, "இப்படிப் படுக்க வெச்சா எவனும் குனிஞ்சு பாக்க மாட்டான்ணே. நிக்க வைங்க" என்றாள்.

அன்று முழுக்க அவள்தான் எங்களுக்கு வாத்தியார். உட்காராதீங்க, உட்கார்ந்தா நாம ஓய்வெடுக்கறோம்னு நெனச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. போனைப் பாக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல கடை பரப்பாதீங்க, பாதியை உள்ள வைங்க. விலையை ஒட்டி வைங்க. கேட்க வெக்கப்பட்டே பாதிப் பேர் போயிடுவாங்க. வந்தவங்களை விரட்டி விரட்டிப் பேசாதீங்க, ஒரு வணக்கம் போதும். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறவள், சாயங்காலம் வரைக்கும் உட்காரவே இல்லை. இந்த அக்கறையில் கால்வாசியை மருந்து சாப்பிடுவதில் காட்டியிருந்தால் கால் எப்போதோ குணமாகியிருக்கும்.

விலைச்சீட்டு பாப்பா எழுதியது. குறைந்த விலை. ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஜனங்கள் வந்தார்கள், வாளியைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், கோப்பைப் பக்கம் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கொண்டுவந்த பெட்டியை அப்படியே தோளில் வைத்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

மூடுகிற நேரத்தில் ஒரு பெண் வந்து வாளியை எடுத்தாள்.

"நீங்க வரைஞ்சதாம்மா?"

"என் பொண்ணு."

"அவங்க வரலையா?"

"வீட்டுல வரைஞ்சிக்கிட்டு இருக்கா" என்றாள் என் மனைவி. கொஞ்சமும் தடுமாறவில்லை. "கையில ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல எழுப்பினா கத்துவா."

"சொல்லுங்க, ரொம்ப நல்லா இருக்குன்னு."

"சொல்றேன்மா."

நான் கட்டுகிற நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முடிச்சு போடுவது எப்படி என்றே மறந்துபோனது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. வாளி இருந்த இடம் பெட்டிக்குள் காலியாக ஆடிக்கொண்டு வந்தது. என் தோளுக்கு அது தெரிந்தது.

அவள் கொடுத்துவிடுவாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கொடுத்துவிடுவாள். பாப்பாவின் கை பட்டது என்று எனக்கு ஒன்றும் மிஞ்சாது. "வேண்டாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெளிச்சத்தை அணைக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அதனால் வேறு வழியாகப் போனேன். விலையை ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேலே. பெட்டியில் எழுதியிருப்பது புரியாமல் தலைகீழாக ஏற்றி ஒரு பெட்டி பீங்கான் போனபோது, மேஸ்திரி திட்டிய திட்டைக் கேட்டு லாரி டிரைவர் ஒருத்தர் பாவப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். அதனால் என்னுடையது பெட்டி எழுத்து. பெரிதாக, நிமிர்ந்து, லாரிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். அந்த எழுத்தில் புதுச் சீட்டுகள் எழுதினேன். பாப்பா வைத்த விலைக்கு மேலே, நான் கொடுக்கவே மாட்டேன் என்கிற விலை. விலையைப் பார்த்ததும் ஆள் ஓட வேண்டும். எங்கள் தெருவில் தக்காளி விலை கொஞ்சம் ஏறினாலே கடையில் ஈ ஓட்டுவார்கள். எனக்குத் தெரிந்த வியாபாரம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மேசையில் வைத்தோம். கண்ணாடி போடாவிட்டால் என் மனைவிக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது. சீட்டைத் தடவிப் பார்த்து, "எழுத்து நல்லா எடுப்பா இருக்குங்க" என்றாள்.

மதியத்துக்குள் இரண்டு படம் போய்விட்டது.

வந்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள், ஓடவில்லை, நின்றார்கள். படத்துக்கு இன்னும் கிட்டே போனார்கள். கண்ணைச் சுருக்கினார்கள். சார்ஜர் வயரைப் பார்த்து ஒருத்தர், "எவ்வளவு தனிமை" என்றார். அது என்ன தனிமை, அந்த வயருக்கு நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டோம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தபோது ஏதோ திருடியது போல இருந்தது.

"எவ்வளவுங்க குடுத்தாங்க?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களா ஏத்துனீங்க?"

"ம்."

"என் புருஷனுக்கு இவ்வளவு சாமர்த்தியமா?" என்று சொல்லிக் கோப்பைக்காரியைப் பார்த்தாள். பெருமை.

கோப்பைக்காரி கையைத் தட்டினாள். "கரெக்ட்டுண்ணே. சல்லிசா வெச்சா சாமான்லயே கோளாறுன்னு நெனப்பாங்க. பாப்பாகிட்ட நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல. உங்களுக்கு எப்படிண்ணே புரிஞ்சுது?"

எனக்குப் புரிந்தது எதுவும் இல்லை. அடுத்த வாரம் இன்னும் ஏற்றினேன். இன்னும் நன்றாகப் போனது. துண்டு போனது. அறை மூலையில் வரிசையாக நிற்கிற குடம் போனது. அரண்டுபோய் ஒரு வாரம் சரசரவென்று இறக்கிப் பார்த்தேன். "தள்ளுபடியா?" என்று கேட்டு, முன்னே விலை பார்த்துவிட்டுப் போனவர்கள் கூட்டமாக வந்தார்கள். எப்படித் திரும்பினாலும் சுவர். என் மனைவி மட்டும் ஒவ்வொருத்தரிடமும், "வீட்டுல வரைஞ்சிக்கிட்டு இருக்கா", "நேத்துதான் ஒண்ணு முடிச்சா", "கொஞ்சம் சளி, அதான் வரல" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். சளி என்றபோது கோப்பைக்காரி திரும்பிக்கொண்டாள்.

இதற்குள் மண்டபத்தில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. விலைக்காரர். மெழுகுவர்த்தி விற்கிறவர், மரப்பட்டையில் பறவை செதுக்குகிறவர், காதணி செய்கிற இரண்டு பெண்கள், எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்து என்னைக் கேட்பார்கள்.

"விலை வெக்கறதுல என்ன சூட்சுமம்ணே?"

"விக்கக் கூடாதுன்னு நெனச்சு வைங்க" என்றேன், எரிச்சலில்.

மெழுகுவர்த்திக்காரர் கண்ணை மூடி அதை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஆஹா" என்றார். "இத எந்தப் படிப்புலயும் சொல்லித்தர மாட்டாங்க." அடுத்த வாரமே அவர் வியாபாரம் நன்றாக இருந்ததாம். எனக்கு ஒரு மெழுகுவர்த்தி இனாம்.

கோப்பைக்காரி ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்கண்ணே. வரைஞ்சவங்க இல்லேன்னு தெரிஞ்சா இதே படம் இன்னும் எங்கேயோ போகும். இனிமே வராதுன்னா மதிப்பு" என்றாள். அறையலாம் போல இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. எங்கள் பிழைப்புக்குச் சொன்னாள். "அண்ணிகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொன்னேன்.

பெட்டி இளைத்துக்கொண்டே வந்தது. நான் ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டில் பலகைக்கும் பாய்க்கும் நடுவில் செருகி வைத்திருந்தேன். கையுறைப் படம்.

என் வேலைக் கையுறைதான். துணி; உள்ளங்கையில் ரப்பர். வாசல் ஆணியில் இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். வலது கட்டைவிரல் கிழிந்து, என் மனைவி சிவப்பு நூலால் தைத்தது. பாப்பா அதை அந்த ஆணியோடு, சுவரில் கை பட்டுப் பட்டு விழுந்த அழுக்கோடு வரைந்திருந்தாள். விரல்கள் வெறுமனே தொங்கவில்லை. உள்ளே கை இருப்பது போலக் கொஞ்சம் மடங்கி இருந்தன. நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய கை, கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்; விரித்தாலும் விரியாது. அதை அவள் எப்போது பார்த்தாளோ. என்னிடம் சொன்னதே இல்லை.

என் மனைவியின் தம்பி போன் ரிப்பேர் கடையில் இருக்கிறான். பாப்பாவின் பக்கத்தை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து, மிச்சம் இருப்பதை எல்லாம் போட்டோ எடுத்துப் பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்று படத்தை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தான். லைட் போட்டு எடுத்தால் கலர் மாறும், வாங்கினவன் திருப்பி அனுப்புவான் என்றான். படத்துக்கு அருகில் ஒரு ஸ்டூலை வைத்து எடுத்தான், அளவு தெரிய. பாயை உதறும்போது கையுறைப் படம் அவன் காலில் விழுந்தது.

"மாமா, இது எப்படி இங்க?"

"அது விக்கறதுக்கு இல்ல மாப்ளே. உள்ள வை."

"ஏன் இல்ல?" என்றாள் என் மனைவி.

"என் கிளவுஸ் அது."

"அந்த வாளி என் வாளி. கண்ணாடி என் கண்ணாடி. நான் தூக்கிக் குடுக்கலையா?"

"உனக்குக் குடுக்க மனசு வருது. எனக்கு வரல."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப விலைய ஏத்துனது?"

"ஒருத்தனும் வாங்கக் கூடாதுன்னுதான்."

மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவி மாமா" என்றான்.

என் மனைவி சிரித்தாள். பாப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அடங்கின பிறகு சொன்னாள்.

"நான் எதுக்கு அங்க போய் நிக்கறேன்னு நெனச்சீங்க? வீட்டுல அவளப் பத்தி என்கிட்ட யாரு கேக்கறா? நீங்க கேக்கறீங்களா? பக்கத்து வீட்டுல அவ பேர எடுத்தாலே நாக்கக் கடிச்சிக்கறாங்க. அங்க வர்றவங்கதான் கேக்கறாங்க, இத வரைஞ்சவங்க எங்கன்னு. அந்த ஒரு கேள்விக்குத்தாங்க நிக்கறேன். அதுக்கு ஒரு படம் குடுக்க வேண்டியிருக்கு. குடுக்கறேன்."

மச்சினன்தான் சமாதானம் பண்ணினான். "இது போன்ல சும்மா இருக்கட்டும் மாமா. கிளவுஸ் படம் ஒண்ணு இருந்தா பாக்கறவங்க நிப்பாங்க. விலை போடாம ஏத்த முடியாது. எவனும் தொட முடியாத விலையா நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். முன்னே போட்டதோடு ஒரு சைபர் கூட.

"இது படத்தோட விலையா, இந்த வீட்டோட விலையா?" என்றான்.

"வீட்டுக்கு யாரு இவ்வளவு தருவா? போடு."

போட்டான். படம் என்னிடமே இருந்தது. பாய்க்கு அடியில் செருகாமல் கட்டில் தலைமாட்டில் சாய்த்து வைத்தேன். வாசலில் கையுறை, தலைமாட்டில் கையுறை. வேலை விட்டு வந்து இரண்டையும் பார்ப்பேன். என் மனைவியும் தினம் தம்பி சொல்லிக்கொடுத்தபடி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பாப்பாவின் போட்டோ, அவள் எழுதிய வரிகள், விற்றுப்போன படங்களும் 'விற்றது' என்ற பட்டையோடு அங்கேயே இருந்தன. எங்கேயோ இருக்கிற முகம் தெரியாதவர்கள், "அடுத்தது எப்போது?" என்று கேட்டு எழுதுவார்கள். தம்பியிடம் சொல்லி, "சீக்கிரம்" என்று எழுத வைப்பாள்.

மேசையில் இருந்ததெல்லாம் தீர்ந்த வாரம், போன் வந்தது. நான் குடோனில் ஒரு பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா... கிளவுஸ் போயிடுச்சு."

"எது?"

"நம்ம கிளவுஸ் மாமா. முழு விலை. பேரமே பேசல. ஏதோ ஆபீஸ் வாசல் ஹாலுக்காம். சுவரு சாம்பல் கலராம், அந்தச் சிவப்பு நூல் எடுப்பா இருக்குமாம்."

பெட்டியை இறக்கினேன். மேஸ்திரி கத்தினார். காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "முடியாதுன்னு எழுது" என்றேன் மச்சினனிடம். "தொலைஞ்சு போச்சு, எரிஞ்சு போச்சு, என்ன வேணா எழுது."

"எழுதலாம் மாமா. வித்துட்டு அனுப்பலைன்னா கம்பெனிக்காரங்க பக்கத்த மூடிடுவாங்க. அவங்க சட்டம் அப்படி."

"மூடட்டும். இனிமே விக்கறதுக்கு என்ன இருக்கு?"

என் மனைவி போனைக் கையில் வைத்திருந்தாள். திரை அணைந்தது, விரலால் தட்டினாள், பாப்பா தாடைப் பெயிண்டோடு வந்தாள். மறுபடி அணைந்தது. மறுபடி தட்டினாள்.

"மேசை போச்சுங்க" என்றாள். "இனிமே எத வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? இந்தப் பக்கம் ஒண்ணுதான். புதுசு வந்துக்கிட்டே இருக்கும்னு அவளே எழுதி வெச்சிருக்கா. யாராவது வந்து அடுத்தது எப்போன்னு கேக்கறாங்க. இதையும் மூடிட்டா அவள யாருங்க கேப்பா?"

"என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்டீ."

"தெரியும்."

மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தலைமாட்டில் இருந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயிண்ட் மேலே விரலை வைக்கக் கூடாது, எண்ணெய் ஏறும் என்று பாப்பா திட்டுவாள். அதனால் ஓரத்தைத்தான் பிடித்திருந்தேன்.

மறுநாள் காலையில் குடோனிலிருந்து நல்ல அட்டையாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்தேன். கட்டுகிற வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். முதலில் பட்டர் பேப்பர். பபிள் ஷீட்டை நேராகப் பெயிண்ட் மேல் சுற்றவே கூடாது. லாரி வெயிலில் நின்றால் குமிழ் வட்டம் வட்டமாகப் படத்தில் பதிந்துவிடும், அப்புறம் போகாது. நாலு மூலைக்கும் அட்டையை மடித்துத் தொப்பி. முன்னும் பின்னும் கெட்டி அட்டை. அதற்கு மேல்தான் பபிள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. பெட்டி படத்தைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் பெரிது. அந்த இடைவெளியில் கசக்கின காகிதம், கை வலிக்கிற வரைக்கும் திணிக்க வேண்டும். என் மனைவி டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பாப்பாவுக்கு எதையாவது செய்து முடித்தது இது ஒன்றுதானோ என்று தோன்றியது. பிறந்த புதிதில் துணியில் சுற்றினோம். அது ஞாபகம் வந்தது. உடனே வேறு எதையோ நினைத்துக்கொண்டேன்.

மேலே பெட்டி எழுத்தில், 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதினேன். கடைசியில் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். உள்ளே இருப்பது அசையவே கூடாது. ஆட்டினேன். சத்தம் இல்லை. கேட்காதா என்று இன்னொரு தடவை ஆட்டினேன்.

கூரியர் ஆள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டியை வாங்கி எடை பார்த்துவிட்டு அவனும் காதில் வைத்து ஆட்டினான்.

"சூப்பரா கட்டியிருக்கீங்க. உள்ள ஏதாவது இருக்கா இல்லையான்னே தெரியல. என்னங்க உள்ள?"

"படம்" என்றேன்.

"அனுப்பறவங்க பேரு?"

என் மனைவி பாப்பாவின் பேரைச் சொன்னாள். வீட்டில் யாரும் கூப்பிடாத அந்த முழுப் பேரை.

"நீங்களா அது?"

"என் பொண்ணு. அவ வரைஞ்சது."

"அட. அவங்க இல்லையா?"

வழக்கமாகக் கேட்ட கேள்விதான். மண்டபத்தில் எத்தனை பேரிடம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பதில் சொன்னவள். இப்போது வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள். பெட்டி அவன் கையில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் காலி. தலைமாட்டில் காலி.

"உள்ள வரைஞ்சிக்கிட்டு இருக்கா" என்றேன் நான். "நடுவுல கூப்பிட்டா கத்துவா."

அவன் என் தோளுக்கு மேலே பார்த்தான். எங்கள் வீடு ஒரே அறை. கட்டில், கொடி, வாளி, சுவர், வாசல் ஆணியில் என் கையுறை. படியில் நிற்கிறவனுக்கு அவ்வளவும் தெரியும்.

"சரிங்க" என்றான். "சொல்லுங்க அவங்ககிட்ட." பெட்டியைத் தலைகீழாகத் திருப்பாமல், எழுத்து மேலே தெரிய இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினான்.